கிருஷ்ணர் வண்டி ஏறிய கதை

சத்தம் போடாமல் வாருங்கள். இடம், சென்னை தி.நகர், பசுல்லா சாலை. காலம், அறுபதுகள். பால்காரர் சைக்கிள் மணி இன்னும் கேட்கவில்லை. ஆனால் அந்த வீட்டு வாசலில் ஒரு பஸ் வந்து நின்றுவிட்டது. இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் மொட்டைத் தலை, அதில் பூசிய சந்தனம்கூடக் காயவில்லை. திருப்பதியில் பெருமாளைப் பார்த்தாயிற்று. ஊருக்குத் திரும்புமுன் இன்னொரு தரிசனம் பாக்கி. அந்தச் சாமி இந்த வீட்டுக்குள்தான் குடியிருக்கிறது!

கதவு திறக்கிறது. வெளியே வருகிறவர் நந்தமூரி தாரக ராமராவ், தெலுங்கு சினிமாவின் என்.டி.ஆர். கூட்டம் கும்பிடுகிறது, அவரும் கும்பிடுகிறார். சிலர் காலில் விழுகிறார்கள். சற்று நின்று யோசியுங்கள். கட்சி இல்லை, கொடி இல்லை, தேர்தலும் இல்லை. ஆந்திர வாக்காளர்கள் தங்கள் காசில் பஸ் பிடித்து வேட்பாளர் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறார்கள். தான் வேட்பாளர் என்பது அவருக்கே இன்னும் தெரியாது. எந்தக் கட்சிக்கு இப்படி ஒரு யோகம் வாய்த்திருக்கிறது, சொல்லுங்கள்!

இப்போது வடபழனி பக்கம் போவோம். வாகினி ஸ்டூடியோ மேக்கப் அறையை எட்டிப் பார்த்தால் ஒரு ரகசியம் கிடைக்கும். இவர் கிருஷ்ணர் வேஷம் போடவே பயந்தவர்! முன்பு ஒரு படத்தில் சிறு காட்சி ஒன்றில் கிருஷ்ணராக வந்தார், ரசிகர்கள் ஏற்கவில்லை. அதனால் ‘மாயா பஜார்’ எடுக்கத் தொடங்கியபோது வேண்டாம் என்றே ஒதுங்கினார். டைரக்டர் கே.வி.ரெட்டிதான் விடாப்பிடியாக நின்றார். உடை, கிரீடம், நிற்கும் தோரணை எல்லாவற்றையும் தனிக் கவனத்தோடு இழைத்தார்கள். 1957இல் படம் தமிழிலும் தெலுங்கிலும் வந்தது. அந்தப் புன்னகையைப் பார்த்த பிறகு தெலுங்கு வீடுகளில் கிருஷ்ணருக்கு வேறு முகமே இல்லாமல் போயிற்று. நமக்கு மட்டும் என்ன? 1964 ‘கர்ண’னில் சிவாஜிக்கு எதிரே நின்று நாம் பார்த்த கிருஷ்ணரும் இவர்தானே.

வேஷத்துக்காக இவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ‘நர்த்தனசாலா’வில் பிருஹன்னளையாக ஆட வேண்டும் என்றதும், நாற்பது வயதில் வெம்பட்டி சின்ன சத்யத்திடம் போய்க் குச்சிப்புடி கற்றுக்கொண்டார். ராமராக நடித்த கையோடு ராவணனாகவும், கிருஷ்ணராக நடித்த கையோடு துரியோதனனாகவும் நடித்தார். 1977இல் ‘தான வீர சூர கர்ணா’வில் கிருஷ்ணன், கர்ணன், துரியோதனன் மூன்றும் அவரே. டைரக்‌ஷனும் அவர், தயாரிப்பும் அவர். ஒரே ஆள் எல்லாவற்றையும் தன் கையில் வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை மனதில் முடிந்து வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

சரி, சாமிக்கு அரசியல் ஆசை வந்தது எப்படி? இங்கே எனக்கு ஒரு கட்சி உண்டு. கிருஷ்ணர் வேஷம்தான் அவரை ஜெயிக்க வைத்தது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். வேஷம் கூட்டத்தைக் கூட்டியது, அவ்வளவுதான். ஓட்டாக மாறியது கோபம். அந்தக் கோபத்தைக் கிளப்பிவிட்டது டெல்லி. 1978 தேர்தலுக்கும் 1983 தேர்தலுக்கும் இடையே ஆந்திர முதல்வர் நாற்காலியில் நாலு பேர் உட்கார்ந்து எழுந்தார்கள். சென்னா ரெட்டி, அஞ்சய்யா, பவனம் வெங்கட்ராமி ரெட்டி, கோட்லா விஜயபாஸ்கர ரெட்டி. எல்லாரும் காங்கிரஸ், மாற்றி மாற்றி உட்காரவைத்தது மேலிடம். 1982 பிப்ரவரியில் ஹைதராபாத் பேகம்பேட்டை விமான நிலையத்தில் ராஜீவ் காந்தியை வரவேற்க அஞ்சய்யா பெரும் கூட்டத்தோடு போய் நின்றார். ராஜீவ் எரிச்சலில் அவரை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டார். அப்போது ராஜீவ் ஒரு எம்.பி., அவ்வளவே. அஞ்சய்யா ஒரு மாநிலத்தின் முதல்வர். செய்தி பரவியதும் அஞ்சய்யாவைப் பிடிக்காதவர்களுக்கும் முகம் சிவந்தது.

அடுத்த மாதம் 29ஆம் தேதி, ஹைதராபாத்தில், என்.டி.ஆரின் ‘தெலுங்கு தேசம்’ கட்சி பிறந்தது. சின்னம் சைக்கிள், கொடி மஞ்சள். மேடையில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வசனம் ஒன்றுதான்: தெலுங்கரின் தன்மானம். இதைவிட நல்ல வசனத்தை எந்த வசனகர்த்தாவும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

இனிமேல்தான் திரைக்குப் பின்னால் குஷி! பழைய செவர்லே வேன் ஒன்றைப் பிடித்தார்கள். உள்ளே படுக்கவும் உட்காரவும் வசதி, மேலே ஏறி நின்று பேச இடம், மைக், விளக்கு. பெயர், ‘சைதன்ய ரதம்’. தேர் என்றால் சாரதி வேண்டுமே? சினிமாவில் அர்ஜுனனுக்குச் சாரதியாக வந்தவருக்கு நிஜத்தில் சாரதி, மகன் ஹரிகிருஷ்ணா. பெயர்ப் பொருத்தத்தைக் கவனித்தீர்களா!

அந்த வண்டி ஆந்திரத்தில் போகாத மூலை இல்லை. பட்டு, ஜரிகை, கிரீடம் எல்லாம் போய்க் காக்கிச் சட்டை, காக்கிப் பேன்ட். குளியல் ரோட்டோரம், சவரமும் ரோட்டோரம். மறுநாள் பேப்பரில் அந்தப் படங்கள் வரும்போது ஊரே வாய் பிளந்தது. நேற்றுவரை மேகத்துக்கு நடுவே சங்கு சக்கரத்தோடு நின்றவர், இன்று நம் ஊர்ச் சாலையில் வெற்று மார்போடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார். சொன்ன நேரத்துக்கு ரதம் எங்கே வரும்? சாயங்காலக் கூட்டம் நடுநிசி தாண்டும். ஜனங்கள் கைக்குழந்தையோடு அங்கேயே படுத்துக் காத்திருந்தார்கள். வண்டி விளக்குத் தெரிந்ததும் எழுந்து ஓடினார்கள். ராமோஜி ராவின் ‘ஈநாடு’ இதையெல்லாம் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. இதற்கு நடுவே ‘பொப்பிலிப் புலி’யும் ‘நா தேச’மும் தியேட்டர்களில் ஓடின. ரோட்டில் ஒரு ஷோ, உள்ளே ஒரு ஷோ.

டிக்கெட் கொடுத்ததையும் பாருங்கள். தலைவருக்கே அனுபவம் இல்லை, வேட்பாளருக்கு எதற்கு? டாக்டர், வக்கீல், பட்டதாரி இளைஞர் என்று கட்சி அரசியலே தெரியாத முகங்களாகப் பொறுக்கி நிறுத்தினார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி வீட்டுக்குள் நடந்தது. மாமனார் காங்கிரஸை ஒழிப்பேன் என்று ரதம் ஏறுகிறார். மாப்பிள்ளையோ காங்கிரஸ் மந்திரி! அதுவும் அவர் பார்த்த இலாகாக்களில் ஒன்று சினிமா! 1981இல்தான் மகள் புவனேஸ்வரியைக் கட்டிக்கொடுத்திருந்தார். 1983 தேர்தலில் மாப்பிள்ளை சந்திரகிரியில் காங்கிரஸ் சார்பில் நின்று மாமனார் கட்சி வேட்பாளரிடம் தோற்றார், பிறகு மாமனார் கட்சியிலேயே சேர்ந்துகொண்டார். பெயர், சந்திரபாபு நாயுடு. இந்த மாப்பிள்ளையையும் முடிந்து வையுங்கள்.

294 தொகுதி. தெலுங்கு தேசத்துக்கு 200க்கும் மேல். காங்கிரஸுக்கு 60. கட்சி தொடங்கி ஒன்பதே மாதம்! பதவியேற்பை ராஜ்பவன் நாலு சுவருக்குள் வைக்க மனசு வருமா? 1983 ஜனவரி 9, ஹைதராபாத் லால் பகதூர் ஸ்டேடியம், திறந்தவெளி, கடல்போல் ஜனம். ஷாட் ஓகே.

அரசியல் அனுபவமே இல்லாமல் திரையிலிருந்து நேராக நாற்காலிக்குப் போனவர்கள் பிறகும் உண்டு. அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் 2003இல் ஒரு டி.வி. அரட்டை நிகழ்ச்சியில் போட்டியை அறிவித்து, இரண்டே மாதத்தில் கலிபோர்னியா கவர்னர் தேர்தலில் ஜெயித்தார். ஜெலன்ஸ்கி டி.வி. தொடரில் ஜனாதிபதியாக நடித்து 2019இல் உக்ரைனுக்கு நிஜ ஜனாதிபதியே ஆனார். உலகம் வியந்தது. பசுல்லா சாலைக்காரர்கள் வியந்திருக்க மாட்டார்கள்.

நம் எம்.ஜி.ஆரை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அவர் 1953இலிருந்து தி.மு.க.வில் இருந்தவர், எம்.எல்.சி., எம்.எல்.ஏ. எல்லாம் பார்த்தவர். ஆனால் ஒரு சுவையான ஒட்டு உண்டு. என்.டி.ஆர். இரட்டை வேடம் போட்ட ‘ராமுடு பீமுடு’தான் மறுவருஷம் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ ஆயிற்று. இரண்டு முதல்வர்களுக்குச் சாட்டை எடுத்துக் கொடுத்தது ஒரே கதை! சிவாஜியை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. பல வருஷம் காங்கிரஸ் மேடை, மாநிலங்களவை உறுப்பினர் பதவி, எல்லா அனுபவமும் இருந்தது. தனிக்கட்சி கண்டு 1989இல் திருவையாற்றில் நின்றார், தோற்றார். ‘கர்ணன்’ செட்டில் நின்ற இருவரில் அனுபவம் இல்லாத கிருஷ்ணர் கோட்டைக்குப் போனார். அனுபவம் இருந்த கர்ணன் வீட்டுக்குத் திரும்பினார்.

என்.டி.ஆரின் அனுபவமின்மை பிறகு தன் வேலையைக் காட்டியது. அதிகாலை மூன்றரை, நாலு மணிக்கெல்லாம் கால்ஷீட் மாதிரி அதிகாரிகளை வரச் சொன்னார், கண்ணைக் கசக்கிக்கொண்டு போனார்கள். கிலோ இரண்டு ரூபாய் அரிசி ஏழைகளுக்குச் சோறு போட்டது. அதே கையால் அரசு ஊழியர் ஓய்வு வயதை 58இலிருந்து 55க்கு இறக்கி வேலைநிறுத்தத்தை வாங்கிக்கொண்டார். 1989இல் மந்திரிசபை மொத்தத்தையும் ஒரே நாளில் கலைத்தார். யூனிட் சரியில்லை என்றால் ஆளை மாற்றுகிற தயாரிப்பாளர் புத்தி! அந்த வருஷமே ஆட்சியும் போயிற்று. ஆனால் 1984இல் கவர்னர் அவரைக் கவிழ்த்தபோது, அமெரிக்காவில் இதய ஆபரேஷன் முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்த மனிதர் மறுபடி ரதம் ஏறினார். எம்.எல்.ஏ.க்களைக் கர்நாடகத்துக்கு அனுப்பிக் காப்பாற்றி, ஒரு மாதத்தில் நாற்காலியைத் திரும்பப் பிடித்தார். 1989இல் போன நாற்காலியிலும் மறுபடி ஜெயித்து வந்து உட்கார்ந்தார். 1995இல் அதைப் பறித்தவர் கவர்னரும் இல்லை, டெல்லியும் இல்லை. முடிந்து வைத்த மாப்பிள்ளையை அவிழ்த்துவிடுங்கள்.

கிளம்புமுன் சென்னைக்காரர்களுக்கு ஒரு செய்தி. முதல்வரான மூன்று மாதத்தில், 1983 ஏப்ரலில், எம்.ஜி.ஆர். அரசோடு தெலுங்கு கங்கை ஒப்பந்தம் போட்டார். ஆந்திரம் வழியாகச் சென்னைக்குக் கிருஷ்ணா நதித் தண்ணீர். அது பூண்டிக்கு வந்து சேர்ந்தது 1996இல். எம்.ஜி.ஆர். மறைந்து எட்டு வருஷம் கடந்திருந்தது. என்.டி.ஆரும் அந்த வருஷம் ஜனவரி 18 அன்று போய்விட்டார். பசுல்லா சாலைக் குழாயிலும் அந்தத் தண்ணீர் கலந்துதான் வருகிறது.