இறைவன் நம்மை மீட்டே ஆக வேண்டுமா?

எங்கள் பள்ளியில் எல்லாச் சமயத்து மாணவியரும் ஒன்றாகப் படிக்கிறோம். தவக்காலத்தில் சிலுவைப்பாதையைக் காணும் தோழியர் எங்களிடம் கேட்பதுண்டு: "உங்கள் கடவுள் எல்லாம் வல்லவர்தானே? 'மன்னித்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? தம் மகனை ஏன் சாகவிட வேண்டும்?"

ஞான உபதேசத்தை மனப்பாடமாக ஒப்பித்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வேறு வழியே இல்லை என்றால், கடவுளுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்து அவரைக் கட்டிப்போட்டதாகிவிடும். கட்டாயத்தின் பேரில் செய்த உதவிக்கு நாம் நன்றி சொல்வதேன்? வேறு வழி இருந்தது என்றாலோ, அத்தனை பாடுகளும் எதற்கு?

1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, மீட்பைத் தமிழருக்கு அவர்கள் மொழியிலேயே விளக்க முயன்றவர். 'ஞானோபதேசம்' என்னும் உரைநடை நூலை எழுதிய அவர், 1656-இல் நம் மயிலாப்பூரில் காலமானார். (பாட்டிமார் சொல்லும் 'சர்வேசுரன்' என்ற சொல் அவர் நூல்களில் வழங்கியதுதான்.) இயேசுவை அவர் சற்குரு என்று அறிமுகம் செய்தார். இறைவன் குருவாய் வருவான் என்பது இங்குள்ளோருக்குப் புதிய செய்தி அன்று. வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்துபோன அரசகுமாரனிடம், தந்தையாகிய அரசனே வந்து உண்மையை உணர்த்தினான் என்று சைவ சித்தாந்திகள் உவமை கூறுவர். அரசனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அன்பே அவனை வரச் செய்தது.

ஆனால் மனிதன் தன்னை மறந்தது மட்டுமன்று, தெரிந்தே குற்றமும் செய்தான் என்கிறது கிறிஸ்தவ மறை. மறதிக்கு உபதேசம் போதும். குற்றத்துக்கு?

காண்டர்பரிப் பேராயர் புனித ஆன்செல்ம், 'கடவுள் ஏன் மனிதரானார்?' என்ற நூலை 1098-இல் எழுதி முடித்தார். பாவம் ஒரு கடன் என்பது அவர் வாதம். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர் பட்ட கடனை அவரே அடைக்க வேண்டும், அவரிடமோ காசில்லை. அதுபோல, கடன் மனிதனுடையது, அடைக்கும் வல்லமை கடவுளுக்கே உண்டு. ஆகவே கடவுளும் மனிதருமான ஒருவர் வரவேண்டியதாயிற்று. வாதம் கச்சிதமானதுதான். ஆயினும் அது கடவுளைச் சற்று இறுக்கிப் பிடிக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

வேறு வழிகளும் கடவுளுக்கு இயலும் என்று புனித அகுஸ்தினார் முன்பே கூறியிருந்தார். 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமாஸ் அக்குவினாஸ் (பரங்கிமலைத் தோமையார் அல்லர், இவர் வேறு) இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். 'தேவை' என்பதற்கு இரண்டு பொருள் உண்டாம். உயிர் வாழ உணவு தேவை. அது இல்லாவிட்டால் சாவுதான். பயணத்துக்குக் குதிரை தேவை என்பது வேறு வகை. குதிரை இல்லாமலும் போகலாம், ஆனால் இருந்தால் நன்றாய்ப் போய்ச் சேரலாம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். நடந்தும் போகலாம், ஆனாலும் மின்சார ரயில் தேவை என்கிறோம் அல்லவா? இறைமகன் மனிதரானது இந்த இரண்டாம் வகைத் தேவை என்றார் தோமாஸ். ஒரு வார்த்தையால் மன்னித்திருக்கலாம். ஆனால் கடவுள் நம்மை எவ்வளவு நேசிக்கிறார் என்பதை அந்த ஒரு வார்த்தையில் நாம் கண்டிருக்க மாட்டோம்.

அப்படியானால், கெத்சமனித் தோட்டத்தில், கூடுமானால் இத்துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று இயேசு மன்றாடியும் அது அகலவில்லையே? எங்களை மிகவும் வருத்திய கேள்வி இது. அதற்கும் தோமாஸ் விடை தருகிறார். தந்தை இவ்வழியைத் தாமே விரும்பித் தேர்ந்துகொண்ட பிறகுதான் அது தவிர்க்க முடியாததாயிற்று. வாக்குக் கொடுக்கும்படி ஒருவரை யாரும் வற்புறுத்தவில்லை; கொடுத்துவிட்டால் காப்பாற்றியே ஆகவேண்டும் என்பது போல.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1308-இல் இறந்த பிரான்சிஸ்கன் துறவி டன்ஸ் ஸ்கோட்டஸ், ஆதாம் பாவமே செய்யாதிருந்தாலும் இறைமகன் மனிதராய் வந்திருப்பார் என்றார். பாவம் இல்லையேல் வந்திருக்க மாட்டார் என்பதே பொருத்தம் என்றார் தோமாஸ். திருச்சபை இருவரில் எவரையும் தள்ளவில்லை. எங்கள் வகுப்பில் ஸ்கோட்டஸ் கட்சிக்கே ஆள் அதிகம். கிறிஸ்துமஸ் இல்லாத உலகத்தை நினைத்துப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை.