ஸ்பிரிங்க்ளர் புல்லுக்கு ஊத்துதா, ரோட்டுக்கு ஊத்துதா?

(எபிசோடின் சுருக்கி எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு விஷயம் ரொம்ப சின்னது. ஒரு பித்தளை ஸ்பிரிங்க்ளர். அதனால எனக்கு ஒரு கோலத்துக்கிட்ட மன்னிப்பு கேட்க வேண்டி வந்துச்சு.

நான் இருக்கறது புதுச்சேரி முத்தியால்பேட்டை. வீட்டு முன்னாடி 20 அடிக்கு 14 அடி புல்தரை. அப்பா ஆசையா போட்டது, இப்போ பார்த்துக்கறது நான். மூலையில, காம்பவுண்ட் சுவர் ஓரமா, 'டக் டக் டக்'னு சுத்துமே, அந்த ஸ்பிரிங்க்ளர். காலையில 6 மணிக்கு மோட்டார் போட்டு 40 நிமிஷம் விடுவேன். அப்படியும் தூர மூலை காய்ஞ்சே கிடக்கும்.

போன மே மாசம் ஒரு நாள் எதிர் வீட்டு அக்கா கூப்பிட்டாங்க. அவங்க அஞ்சரைக்குப் போடற கோலத்தை என் ஸ்பிரிங்க்ளர் தினமும் அழிச்சிட்டிருந்திருக்கு. நான் மன்னிப்பு கேட்டேன். அவங்க சொன்னது இதுதான்: "கோலம் போனா போகுது தம்பி, நாளைக்கு வேற போட்டுக்கலாம். எங்க போர்ல தண்ணி உப்பு கரிக்குது. நீங்க நல்ல தண்ணியை ரோட்டுக்கு ஊத்துறீங்க."

அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை.

ஒரு நிமிஷம், நம்ம ஊர் தண்ணி

பாரதி பூங்கா நடுவுல இருக்கற ஆயி மண்டபம் தெரியும்ல? நம்ம அரசு முத்திரையிலயே இருக்கு. மூன்றாம் நெப்போலியன் காலத்துல கட்டினது. ஆயிங்கற பெண் தன் மாளிகையை இடிச்சுட்டு, அந்த இடத்துல ஒரு குளம் வெட்டினாங்கன்னு கதை சொல்வாங்க. பிற்பாடு முத்திரப்பாளையத்திலிருந்து வாய்க்கால் வழியா ஊருக்குத் தண்ணி வந்ததோட நினைவுதான் அந்த மண்டபம். கடலை ஒட்டி இருந்தும், குடிக்கற தண்ணிக்கு மேற்குப் பக்கம் பார்த்த ஊர் இது.

ஏன்னா கடற்கரை மண்ணுக்கு அடியில நன்னீர், உப்புநீர் மேல மிதக்குது. நன்னீரோட எடை கொஞ்சம் குறைவு. கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேல நன்னீர் 1 மீட்டர் நின்னா, கீழே சுமார் 40 மீட்டர் வரைக்கும் நன்னீர் இருக்கும். திருப்பிப் போட்டுப் பாருங்க. மேல 1 மீட்டர் இறங்க விட்டா, அடியில உப்பு 40 மீட்டர் ஏற வழி விடறோம். நிஜத்துல மண் அடுக்கைப் பொறுத்து மாறும். ஆனா திசை அதுதான். என் மோட்டாரும் அக்கா வீட்டு போரும் ஒரே தண்ணியைத்தான் பகிர்ந்துக்குது.

முதல்ல அளந்து பாருங்க

அன்னைக்கு சாயங்காலமே ஒரு சோதனை பண்ணேன். நேரான பக்கம் உள்ள, ஒரே அளவு பிளாஸ்டிக் டப்பாக்களை புல்தரையில பரப்பி வெச்சேன். (டம்ளர் வேண்டாம், மேல அகலமா இருக்கும், கணக்கு தப்பும்.) ஒரு டப்பாவை ரோட்டுலயும் வெச்சேன். 40 நிமிஷம் விட்டு ஸ்கேலால அளந்தேன். ஸ்பிரிங்க்ளர் பக்கத்துல 7 மில்லிமீட்டர். நடுவுல 4. தூர மூலையில 2. ரோட்டுல 3!

ரோடு என் புல்லோட தூர மூலையை விட நல்லா குடிச்சிருக்கு.

1 மில்லிமீட்டர்னா சதுர மீட்டருக்கு 1 லிட்டர். நம்ம ஊர் மே மாச வெயில்ல புல்லுக்கு ஒரு நாளைக்கு சுமார் 5 மில்லிமீட்டர் போதும். என் புல்தரை 26 சதுர மீட்டர், அதாவது 130 லிட்டர். நான் இறைச்சது எவ்வளவு? நாசில் வாயில ஒரு டியூப்பை மாட்டி வாளியில பிடிச்சேன். நிமிஷத்துக்கு 15 லிட்டர். 40 நிமிஷத்துக்கு 600 லிட்டர். தேவையைப் போல நாலு மடங்குக்கும் மேல.

கோளாறு எங்கே?

எங்க ஸ்பிரிங்க்ளர் முழு வட்டமா சுத்திட்டிருந்தது. மூலையில இருக்கறதுக்கு கால் வட்டம் போதும். முக்கால் வட்டத் தண்ணி சுவருக்கும் ரோட்டுக்கும் வீட்டுத் திண்ணைக்கும்.

அடிப்பாகத்துல ரெண்டு கம்பி வளையம் இருக்கும், நடுவுல ஒரு சின்ன கம்பி நாக்கு. அந்த நாக்கு வளையத்து முனையில இடிக்கும்போது ஸ்பிரிங்க்ளர் திசை மாறும். நாக்கை மேல தூக்கி விட்டா இடிக்காது, முழு வட்டம் சுத்தும். என்னோடதுல யாரோ தூக்கி விட்டிருக்காங்க. கீழே இறக்கி வளையத்தைத் திருப்பப் பார்த்தேன், அசையல. வெள்ளையா சுண்ணாம்பு படிஞ்சு கட்டிப் போச்சு. போர் தண்ணியில சுண்ணாம்பு இருந்தா இது சகஜம்.

சுத்தம் பண்றது

1. மோட்டாரை நிறுத்துங்க. ஸ்பிரிங்க்ளரைக் கழட்டுங்க. வெறும் பைப்புல 10 விநாடி தண்ணி விட்டு மணலை வெளியே தள்ளுங்க.

2. வெள்ளை வினிகரும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு மணி நேரம் ஊற வையுங்க. சுண்ணாம்பு கரையும். பித்தளையை ராத்திரி முழுக்க ஊற விடாதீங்க.

3. பழைய டூத் பிரஷால தேயுங்க. நாசில் துளைக்குள்ள ஊசி, ஆணி விடாதீங்க. துளை பெருசாயிட்டா பீய்ச்சற தூரமே மாறிடும். விளக்குமாத்து ஈர்க்குச்சி போதும்.

4. எண்ணெய், கிரீஸ் வேண்டவே வேண்டாம். அதுல மணல் ஒட்டும், சுத்தறது நின்னுடும். தண்ணியே அதுக்கு எண்ணெய்.

தரைக்குள்ளயிருந்து எழும்பற பாப்-அப் வகை வெச்சிருக்கீங்களா? நாசிலுக்குக் கீழ குட்டி வலை ஃபில்டர் இருக்கும். அதைக் கழுவுங்க. சுத்தி வளர்ந்த புல்லையும் வெட்டி விடுங்க.

திருப்பி அமைக்கறது

முதல்ல செங்குத்தா நிக்குதான்னு பாருங்க. சாய்ஞ்சிருந்தா ஒரு பக்கம் தரையைக் குத்தும், இன்னொரு பக்கம் வானத்துக்குப் போகும்.

அடுத்தது திசை. ரெண்டு வளையத்தையும் புல்தரையோட ரெண்டு ஓரத்துக்கு நேரா வையுங்க. தண்ணி இல்லாமலே கையால சுத்திப் பாருங்க, எங்க திரும்புதுன்னு தெரியும்.

அப்புறம் தூரம். நாசில் முன்னாடி ஒரு திருகு இருக்கும். உள்ளே திருகினா தண்ணிக் கம்பியை உடைக்கும், தூரம் குறையும், துளி சின்னதாகும். மேல ஒரு தகடு இருந்தா அதை இறக்கி உயரத்தைக் குறைக்கலாம். பாப்-அப்ல இதே வேலையை நாசில் உச்சியில இருக்கற திருகு செய்யும்.

நிறைய பேர் செய்யற தப்பு, தூரத்தைக் குறைக்க வால்வை மூடறது. அழுத்தம் குறைஞ்சா தண்ணி பரவாம, தூரத்துல வளையமா விழும். நடுவுல காயும். அழுத்தம் ரொம்ப அதிகமானாலும் பனிப்புகை மாதிரி பறந்து போயிடும்.

மாடி டேங்க்ல இணைச்சிருக்கறவங்க கவனிங்க. 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் அழுத்தம்தான். ரெண்டு மாடி வீட்டு டேங்க் 8 மீட்டர்னா 0.8 பார். இந்த வகைக்கு சுமார் 2 பார் வேணும். நானும் முதல்ல டேங்க்லதான் போட்டேன், சுத்தவே இல்லை. பழுதுன்னு நினைச்சு புதுசு வாங்கற யோசனையில இருந்தேன். மோட்டார் லைன்ல மாட்டினதும் ஓடுச்சு. மோட்டார் லைன் இல்லைன்னா ஸ்பிரிங்க்ளரை விடுங்க, ஓஸும் பூவாளியும் போதும்.

இப்போ எப்படி இருக்கு?

நாக்கை இறக்கி, கால் வட்டமா வெச்சு, திருகை ரெண்டு சுத்து உள்ளே விட்டேன். மறுபடி டப்பா சோதனை, இந்த தடவை 12 நிமிஷம். பெரும்பாலான இடத்துல 4லிருந்து 6 மில்லிமீட்டர். கடைசி மூலையில மட்டும் 3, அங்க கொஞ்சம் ஓஸால ஊத்தறேன். ரோட்டு டப்பா காலி.

அதே நிமிஷத்துக்கு 15 லிட்டர்தான், ஆனா நாலுல ஒரு பங்கு இடத்துல விழுது. அதனால 40 நிமிஷம் 12 ஆச்சு. 600 லிட்டர் 180 ஆச்சு. ஓரத்துல சிந்தறது செம்பருத்திப் பாத்திக்குப் போகுது. கருவி அதேதான், செலவு ஒரு பாட்டில் வினிகர்.

நேரமும் முக்கியம். கடல்காத்து எழறதுக்கு முன்னாடி, விடிகாலையில ஊத்துங்க. எங்க மண் மணல். ஒரேயடியா ஊத்தினா வேரைத் தாண்டிப் போயிடும், அதனால கோடையில தினமும் கொஞ்சம். அக்டோபர்லிருந்து டிசம்பர் மழையில மோட்டார் பக்கமே போகாதீங்க. மாசம் ஒரு தடவை நாசிலையும் வளையத்தையும் பாருங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை டப்பா வெச்சு அளங்க.

இதனால அக்கா வீட்டு போர் இனிச்சிடுமா? இல்லை. ஒரு வீட்டு ஸ்பிரிங்க்ளர் கடலைத் தள்ளி நிறுத்தாது. இந்தப் புல்தரையே தேவையான்னு எனக்கே ஒரு கேள்வி இருக்கு. அப்பாக்கிட்ட அந்தப் பேச்சை இன்னும் எடுக்கல. ஆனா அவங்க முன்னாடி நல்ல தண்ணியை ரோட்டுல ஓட விடறதை நிறுத்த எனக்கு ஒரு மணி நேரம்தான் ஆச்சு. அதை ரெண்டு வருஷமா செய்யாம இருந்திருக்கேன்.

இந்த வார வேலை உங்களுக்கு: அஞ்சு டப்பா, ஒரு ஸ்கேல். ஒரு டப்பாவை மறக்காம வாசலுக்கு வெளியே வையுங்க. எவ்வளவு விழுந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.