புரதத் தொடரின் முதலும் இறுதியும்

சிலிபினில் இவ்வுரையைக் கேட்க வந்திருப்போருள் பலருடைய பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ பேராக் மாநிலத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள். உளி பட்ட கோட்டிலிருந்து மங்கில் வடியும் பால், சில மணி நேரத்தில் தானே நின்று, காயத்தின்மேல் கோட்டுப்பாலாக உறைவதை அவர்கள் நன்கறிவார்கள். அவ்வுறைதலுக்குத் துணைபுரியும் புரதங்களுள் ஒன்று ஹெவீன். அதனைச் சான்றாகக் கொண்டு, புரதத்தின் முனைகளை ஆய்வகங்கள் அறியும் முறைகளை விளக்க முற்படுகின்றோம்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட தொடர். அதன் ஒரு முனையில் அமினோ தொகுதியும் மறுமுனையில் கார்பாக்சில் தொகுதியும் நிற்கும். மொழிமுதல், மொழியிறுதி என்னும் இலக்கண வழக்கையொட்டி, இவற்றை முதல்முனை, இறுதிமுனை என்போம்.

முதல்முனையை அறியும் வழியொன்றை 1945-இல் பிரெடரிக் சாங்கர் வகுத்தார். அவர் பயன்படுத்திய வேதிப்பொருள் முதல்முனையைப் பற்றி மஞ்சள் நிறமாக்கும். பின்னர்த் தொடர் முழுவதையும் அமிலத்தில் சிதைத்தால், மஞ்சள் நிறம் ஏற்ற முதல் அமினோ அமிலத்தைப் பிரித்தறியலாம். இன்சுலினில் கிளைசின், ஃபீனைல் அலனின் என இரு முதல்கள் கிடைத்தமையால், அதில் இருவகைத் தொடர்கள் உள்ளமை புலனாயிற்று. ஆயினும் இம்முறையில் எஞ்சிய தொடர் அழிந்துவிடும்.

இக்குறையை 1950-இல் பேர் எட்மன் நீக்கினார். ஃபீனைல் ஐசோதயோசயனேட் என்னும் பொருள் முதல் அமினோ அமிலத்தோடு இணையும்; அமிலம் சேர்த்ததும் அந்த ஒன்று மட்டும் கழன்றுவிடும். எஞ்சிய தொடரில் இதனையே மீண்டும் செய்து, ஒவ்வோர் அமினோ அமிலமாக வரிசையைப் படிக்கலாம். ஆனால் முதல்முனை மூடியிருப்பின் இம்முறை பயன்படாது. ரப்பர் துகள்களைச் சார்ந்துள்ள 'ரப்பர் நீட்சிக் காரணி' என்னும் புரதத்தின் முதல்முனை அசெட்டைல் தொகுதியால் மூடப்பட்டுள்ளது. அத்தகைய புரதத்தை நொதிகளால் துண்டாக்கி, துண்டுகளைப் படித்தல் வேண்டும்.

இறுதிமுனைக்குக் கார்பாக்சிபெப்டிடேஸ் நொதிகள் உதவும். அவை கடைசியிலிருந்து அமினோ அமிலங்களைக் கழற்றும். எது முதலில் வெளிவருகின்றது என்பதைக் காலமுறையில் கண்டு வரிசையை உணரலாம். இக்காலத்தில் நிறைநிறமாலைமானி தொடரின் நிறையை அளந்து, இரு முனைகளையும் உறுதிசெய்யத் துணைநிற்கின்றது.

மரபணுவைப் படித்தாலே போதாதா என்னும் வினா எழலாம். ஹெவீனுக்குரிய மரபணுச் செய்தி 1990-இல் வெளியிடப்பட்டபோது, அது 204 அமினோ அமிலங்கள் கொண்ட நெடுந்தொடரைக் காட்டியது. பாலில் கிடைக்கும் ஹெவீனிலோ 43 மட்டுமே உள்ளன. முதலிலுள்ள 17 அமினோ அமிலங்கள் வழிகாட்டும் பகுதி. அது வெட்டுண்டு போகின்றது. எஞ்சிய 187-இன் முற்பகுதியே ஹெவீன். அது குளுட்டாமிக் அமிலத்தில் தொடங்கி அஸ்பார்ட்டிக் அமிலத்தில் முடிகின்றது. ஓலைச்சுவடியில் சொற்கள் இடைவெளியின்றி எழுதப்பட்டிருத்தல் போன்றது மரபணுச் செய்தி. சொல் எங்கே பிரிகின்றது என்பதைப் பொருளறிந்தே துணிகின்றோம். அதுபோலத் தொடர் எங்கே வெட்டப்பட்டது என்பதைப் புரதத்தின் முனைகளைக் கண்டே உறுதிசெய்கின்றோம்.

இவ்வெட்டு மரத்திற்கும் மாந்தருக்கும் பொருளுடையது. மரம் காயமுறும்போது பாலிலுள்ள நுண்பைகள் உடைந்து, வெளிப்படும் ஹெவீன் ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கின்றது. ரப்பர் கையுறைகளால் ஒவ்வாமை கண்ட தாதியர், மருத்துவர் பலரின் குருதியிலுள்ள எதிர்ப்பொருள்கள் நெடுந்தொடரில் பெரிதும் பற்றுவதும் இந்த 43-ஐயே. ஆகவே ஒவ்வாமைச் சோதனைக்கு எப்பகுதியைப் பயன்படுத்துவது, கையுறையிலிருந்து எதனைக் கழுவி நீக்குவது என்னும் வினாக்களுக்கு, தொடரின் முதலும் இறுதியும் அறிந்த பின்னரே தெளிவான விடை கிட்டும். நம் முன்னோர் கோட்டின்மேல் உரித்தெடுத்த கோட்டுப்பாலில் இத்துணைச் செய்தி அடங்கியிருந்தது.