கண்ணில் நீர் வடிகிறது, அதுவும் வறட்சிதான்

கண் பரிசோதனை அறையில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. நாற்காலியில் 48 வயது அம்மா ஒருவர். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. கடைசிக்கு முந்தின வரியில் இரண்டு எழுத்துகளைச் சரியாகச் சொல்கிறார், மூன்றாவதில் தடுமாறுகிறார். கண்ணைச் சிமிட்டுகிறார். "இப்போ தெரியுது பாப்பா." அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் மறுபடி மங்கல். லென்ஸை மாற்றிப் போட்டாலும் அதே கதை. ஒரு வருடத்துக்குள் இரண்டு கண்ணாடி வாங்கிவிட்டார். இப்போது வந்திருப்பது மூன்றாவதுக்கு.

சிமிட்டியதும் தெளிந்து, சில நொடியில் மங்கினால், பவரை மாற்றிப் பயனில்லை. ஆப்டோமெட்ரிஸ்ட் அந்த இடத்திலேயே பவர் பார்ப்பதை நிறுத்திவிட்டு, கருவிழி மேல் பரவியிருக்கும் கண்ணீரைப் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். "உங்களுக்கு ட்ரை ஐ இருக்கலாம்" என்று சொன்னால் அந்த அம்மா லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். "வண்டியில போனா தண்ணியா ஊத்துது. இதுல எங்கேம்மா ட்ரை?"

நியாயமான கேள்வி. பதில், கண்ணீர் எதனால் ஆனது என்பதில் இருக்கிறது.

ஒரு படலம், மூன்று சரக்கு

கருவிழி மேல் இருக்கும் கண்ணீர்ப் படலத்தின் தடிமன் சுமார் 3 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அதற்குள் மூன்று சரக்கு உண்டு. அடியில், கண்ணின் மேற்பரப்போடு ஒட்டிக்கொள்ளும் வழவழப்பான சளிப்பொருள். நடுவில், உப்பும் புரதமும் கலந்த நீர். இது மேலிமைக்குப் பின்னால், வெளிப்பக்க ஓரத்தில் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பியிலிருந்து வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, நீர் ஆவியாகாமல் மூடி போட்டதுபோல மெல்லிய எண்ணெய்.

அந்த எண்ணெய், இமை விளிம்பில் இமைமுடிக்குப் பின்னால் வரிசையாகத் திறக்கும் நுண்ணிய சுரப்பிகளிலிருந்து வருகிறது. மேலிமையில் 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை இருக்கும். 1666இல் இவற்றை விவரித்து எழுதிய ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிக் மைபோமின் பெயரால் இவை மைபோமியன் சுரப்பிகள். ஒவ்வொரு சிமிட்டலும் இவற்றைப் பிழிந்து, எண்ணெயைக் கண் முழுக்கத் தடவிவிடுகிறது.

ஆக வறட்சிக்கு இரண்டு பெரிய வழிகள். நீரே சுரப்பது குறையலாம்; அல்லது நீர் போதுமான அளவு இருந்தும், எண்ணெய் மூடி சரியில்லாமல் ஆவியாகலாம். உலர்கண்ணோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு எண்ணெய்ப் பிரச்சினைதான், அல்லது இரண்டும் கலந்திருக்கும். படலம் உடைந்து கருவிழி காயும்போது, அங்குள்ள நரம்புகள் உறுத்தலை மூளைக்குச் சொல்ல, கண்ணீர்ச் சுரப்பி அவசரமாக நீரைக் கொட்டுகிறது. எண்ணெய் சேராத அந்த நீர் கண்ணில் நிற்பதில்லை. இறுகிக் காய்ந்த தரையில் பெய்த திடீர் மழைபோலக் கன்னம் வழியே ஓடிவிடுகிறது. வண்டியில் காற்று முகத்தில் அடிக்கும்போது அந்த அம்மாவுக்கு நடப்பது இதுதான்.

கேட்டுத் தெரிந்துகொள்வது

கருவியைத் தொடும் முன் சில கேள்விகள். உறுத்தல் எப்போது அதிகம்? காலையில் எழுந்ததும் என்றால் இமை விளிம்பு அழற்சியோ, தூக்கத்தில் கண் முழுக்க மூடாததோ காரணமாகலாம். சாயங்காலம் ஏற ஏறக் கூடினால் நாள் முழுக்கப் படலம் காய்ந்துகொண்டே வந்திருக்கிறது. எரிச்சலா, அரிப்பா? கண்ணைக் கசக்கத் தூண்டும் அரிப்பு முதன்மையாக இருந்தால் அலர்ஜியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மருந்துச் சீட்டையும் வாங்கிப் பார்க்க வேண்டும். சளி, அலர்ஜி மாத்திரைகள், மனச்சோர்வுக்கான மருந்துகள், முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், கண் அழுத்தத்துக்குப் பல வருடமாகப் போடும் சொட்டு மருந்து எல்லாமே கண்ணைக் காயவைக்கக் கூடியவை. மாதவிடாய் நிற்கும் வயது, கான்டாக்ட் லென்ஸ், லேசிக் அறுவை, ஏசிக் காற்று முகத்தில் படும் இருக்கை ஆகியவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள்.

இதை எண்ணாக மாற்ற ஓஎஸ்டிஐ என்ற 12 கேள்விப் பட்டியல் இருக்கிறது. நூற்றுக்கு 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது முன்னேற்றத்தை அளக்கவும் அதே எண் உதவும்.

தொடாததில் தொடங்கி, தொடுவதில் முடி

உலர்கண் பரிசோதனையில் வரிசை முக்கியம். கண்ணைத் தொட்டாலே நீர் சுரக்கும். அதற்குப் பிறகு எடுக்கும் அளவுகள் பொய் சொல்லும்.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். பேசிக்கொண்டிருக்கும்போதே சிமிட்டலைக் கவனித்தால் போதும். சாதாரணப் பேச்சில் நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை சிமிட்டுவோம். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் இது பாதிக்கும் கீழே போய்விடும். பலர் அரைச் சிமிட்டலோடு நிறுத்திவிடுகிறார்கள். மேலிமை பாதி வழி வந்து திரும்பிவிடும், கருவிழியின் கீழ்ப்பகுதிக்கு எண்ணெய் போய்ச் சேராது.

அடுத்து, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவி. கீழிமை ஓரத்தில் தேங்கி நிற்கும் கண்ணீர்க் கோட்டின் உயரம் 0.2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நீர் போதவில்லை. எண்ணெய்ப் படலத்தின் மேல் சரியான கோணத்தில் ஒளி பட்டால் நிறங்கள் தெரியும். மழைநீர் தேங்கிய ரோட்டில் பெட்ரோல் சிந்தினால் தெரியும் வானவில்லைப் போன்றதே. நிறம் எப்படிப் பரவுகிறது என்பதிலிருந்து எண்ணெய் மெலிந்திருக்கிறதா என்று ஊகிக்கலாம்.

பிறகுதான் சாயம். ஃப்ளோரசீன் தோய்ந்த காகிதத்தை ஒரு துளி சலைனில் நனைத்து, அதிகப்படியை உதறிவிட்டு, இமையின் உட்புறத்தில் லேசாகத் தொட்டு எடுப்பார்கள். நீல ஒளியில் கண் முழுக்கப் பச்சையாக ஒளிரும். "ரெண்டு மூணு தடவை சிமிட்டுங்கம்மா. இப்போ சிமிட்டாம நேரா பாருங்க." ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... பச்சைப் பரப்பில் ஒரு கறுப்புப் புள்ளி முளைக்கிறது. அது விரிகிறது. படலம் உடைந்த இடம் அது. 10 நொடிக்குள் உடைந்தால் சந்தேகம்; 5 நொடிகூட நிற்கவில்லை என்றால் படலம் நிச்சயம் நிலையற்றது. அந்த அம்மாவுக்கு நான்கு நொடி. நான்காவது எழுத்துக்குள் பலகை மங்கியதன் கணக்கு இங்கே சரியாகிவிடுகிறது.

அதே சாயம் கருவிழியின் தேய்ந்த இடங்களில் புள்ளி புள்ளியாக ஒட்டும். புள்ளிகள் எங்கே விழுகின்றன என்பது ஒரு வாக்குமூலம் மாதிரி. கீழ்ப்பகுதியில் என்றால் அரைச் சிமிட்டலோ இமை விளிம்புக் கோளாறோ. கண்ணைத் திறந்திருக்கும்போது வெளியே தெரியும் பட்டையில் என்றால் நீர்ப் பற்றாக்குறை. கடின வகைக் கான்டாக்ட் லென்ஸ் போடுபவருக்குக் கடிகாரத்தின் 3, 9 மணித் திசையில் விழும். வெள்ளைவிழியின் தேய்மானத்தைப் பார்க்க லிஸ்ஸமின் கிரீன் என்ற பச்சைச் சாயம் தோதானது.

இமையை அழுத்தினால்

பலர் தவறவிடும் சோதனை இது. கீழிமையின் நடுப்பகுதியை விரலாலோ பஞ்சுக் குச்சியாலோ 10 முதல் 15 நொடி மெல்ல அழுத்திப் பிடித்து, சுரப்பி வாய்களைப் பார்க்க வேண்டும். நல்ல சுரப்பியிலிருந்து தெளிந்த எண்ணெய் துளியாக எழும்பும். கோளாறு தொடங்கியதில் கலங்கலாக வரும். முற்றினால் டூத் பேஸ்ட் பிதுங்குவதைப்போல வரும், இல்லையேல் எதுவுமே வராது. அகச்சிவப்பு ஒளியில் இமையைப் புரட்டிப் படமெடுத்தால் சுரப்பிகள் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். கோடு அறுந்த இடங்களில் சுரப்பி போய்விட்டது. போனதை மீட்க நம்பகமான வழி இல்லை என்பதால், சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் லாபம்.

இமைமுடியின் அடியில் சிறு வளையல்போலப் படிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய பூச்சி விட்டுப்போகும் அடையாளம் அது.

கடைசியில் ஷிர்மர் சோதனை. 35 மில்லிமீட்டர் நீளக் காகிதத் துண்டின் நுனியை மடித்து, கீழிமையின் வெளிப்பக்கத்தில் மாட்டி, 5 நிமிடம் விடுவார்கள். ஓட்டோ ஷிர்மர் 1903இல் அறிமுகப்படுத்திய முறை, இன்றும் மலிவு. 5 மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால் நீர்ச் சுரப்பு நிஜமாகவே குறைவு. அதோடு வாய் உலர்வதும் மூட்டு வலியும் சேர்ந்தால் ஷோக்ரன் நோயை நினைக்க வேண்டும். 1933இல் ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் விரிவாக எழுதிய அந்த நோயில், உடலின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிறது. அது சொட்டு மருந்தோடு முடிகிற விஷயம் அல்ல. மூட்டுவாத நோய் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

மார்கழி எண்ணெயும் இமை ஒத்தடமும்

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடும். பாட்டிலைக் குலுக்கிப் பயனில்லை; வெந்நீரில் வைத்தால் இளகும். அடைபட்ட இமைச் சுரப்பிக்கும் வைத்தியம் அதேதான். சுத்தமான துணியைப் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். இமை சுமார் 40 டிகிரி சூட்டில் நிற்க வேண்டும். நனைத்த துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால் திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். பலருக்கு ஒத்தடம் பலிக்காமல் போவது இங்கேதான். சூடு ஆறும் முன் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் விரலால் வழித்துவிட்டு, இமை விளிம்பைத் துடைக்க வேண்டும். தினமும், வாரக்கணக்கில்.

அடுத்தது செயற்கைக் கண்ணீர். கண்ணில் இயல்பாக நிற்பது சுமார் 7 மைக்ரோலிட்டர் கண்ணீர். பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டே வழிந்துதான் போகும், இரண்டாவது வீண். வேறு மருந்தும் போட வேண்டியிருந்தால் நடுவில் 5 நிமிடம் விட வேண்டும். ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பிரிசர்வேட்டிவ் இல்லாத சொட்டு நல்லது. கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு கருவிழியையே அரிக்கும். எண்ணெய்க் குறைபாடு என்றால் எண்ணெய் கலந்த சொட்டைத் தேர்ந்தெடுக்கலாம். சிவப்பை உடனே போக்கும் சொட்டு வறட்சிக்கு மருந்தில்லை. நிறுத்தினால் சிவப்பு இன்னும் அதிகமாகத் திரும்பும்.

வீட்டிலும் சில மாற்றங்கள். ஃபேனுக்கு நேர் கீழே படுக்காமல் தள்ளிப் படுங்கள். ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். கம்ப்யூட்டர் திரை கண் மட்டத்துக்குக் கீழே இருந்தால் கண் குறைவாகத் திறந்திருக்கும், காய்வதும் குறையும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தை 20 நொடி பார்த்து, கூடவே முழுதாகச் சிமிட்டுங்கள். கண்மையை இமைமுடிக்கு உள்ளே இழுக்காதீர்கள். சுரப்பி வாய்கள் அங்கேதான் திறக்கின்றன. விளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதையும் கண்ணுக்குள் விட வேண்டாம். கிருமி நீக்கப்படாத எதுவும் தேய்ந்த கருவிழிக்கு ஆபத்து.

மீன் எண்ணெய் மாத்திரை பற்றிப் பலர் கேட்பார்கள். 2018இல் வெளியான ட்ரீம் ஆய்வில் 535 பேரில் ஒரு பகுதியினர் தினமும் 3 கிராம் ஒமேகா-3யும், மற்றவர்கள் ஆலிவ் எண்ணெயும் ஒரு வருடம் சாப்பிட்டார்கள். இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

எப்போது மருத்துவரிடம்?

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால், அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு, கண்ணீர் வடிகாலை அடைக்கும் சிறு செருகி, சொந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் சொட்டு, கருவிழிக்கு மேல் நீரைத் தேக்கி வைக்கும் ஸ்க்லீரல் லென்ஸ் என்று படிகள் உண்டு. சைக்ளோஸ்போரின் முதலில் எரியும். பலன் தெரிய மாதங்கள் ஆகும். இவற்றை முடிவு செய்வது கண் மருத்துவர்.

சில அறிகுறிகளுக்கு ஒத்தடத்தோடு காத்திருக்கக் கூடாது. கடும் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை திடீரெனக் குறைவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, கான்டாக்ட் லென்ஸ் போட்ட கண் சிவப்பது, வயலில் நெல்லோ சருகோ பட்ட கண் எல்லாம் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டியவை. இந்த நிலையில் மருந்துக் கடையில் ஸ்டீராய்டு சொட்டைக் கேட்டு வாங்கிப் போட்டால் கருவிழிப் புண் பற்றிப் பரவும். மாலைக்கண்ணோடு கண் காயும் குழந்தைக்கு வைட்டமின் ஏ குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கண்புரை அறுவைக்குப் போகிறவருக்கும் இது பொருந்தும். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடக் கருவிழியின் வளைவை அளக்கிறார்கள். படலம் உடைந்துகொண்டே இருக்கும் கண்ணில் அந்த அளவு ஒவ்வொரு முறையும் மாறும். கண்ணாடியையாவது மாற்றிக்கொள்ளலாம், உள்ளே வைத்த லென்ஸை அப்படி மாற்ற முடியாது. எனவே வறட்சியைச் சரிசெய்துவிட்டு அளப்பது நல்லது.

அந்த அம்மாவுக்கும் அதே வரிசைதான். முதலில் ஒத்தடமும் சொட்டும், ஆறு வாரம் கழித்து மறுபடி அதே எழுத்துப் பலகை. படலம் பத்து நொடி நின்றால், வரி முழுவதையும் சிமிட்டாமல் வாசிக்க முடியும். அப்போது எடுக்கும் பவர்தான் அவருடைய நிஜமான பவர். அது கையிலிருக்கும் கண்ணாடியோடு ஒத்துப்போனால், மூன்றாவது கண்ணாடிக்குச் செலவு செய்ய வேண்டியதே இல்லை.