உஷார்! பிரேதத்துப் புழு சொல்லும் நாள்கணக்கு தப்பலாம்

பிரேதத்தில் எடுத்த புழுவின் நீளத்தை வைத்து, "இறந்து மூன்று வாரம்" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள். விசாரணை அதிகாரியோ, அரசு டாக்டரோ, வக்கீலோ, நீங்கள் யாராக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: செத்தவர் உடம்பில் என்ன மருந்து, என்ன போதை, என்ன விஷம் இருந்தது? இதைக் கேட்காமல் விட்டால், தப்பாகக் குறித்த நாளில் ஊரிலேயே இல்லாத கொலைகாரன் தப்பிப்பான். ஊரில் இருந்த பாவத்துக்கு அப்பாவி மாட்டுவான்.

1980களின் கடைசியில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் பக்கம், பைன் மரங்களுக்கு நடுவே கத்திக்குத்துப்பட்ட இளம்பெண்ணின் உடல் கிடந்தது. எடுத்த புழுக்களில் பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. ஏழு நாள் கணக்குக்குச் சரியாக வந்தது. ஆனால் ஒரே ஒரு புழு மட்டும் 17.7 மில்லிமீட்டர் இருந்தது! அந்த அளவுக்கு வளர மூன்று வாரம் வேண்டும். ஹவாய் பூச்சியியலாளர் லீ கோஃப் இந்த முடிச்சை அவிழ்த்தார். அந்தப் பெண் சாவதற்குச் சற்று முன் கோகெய்ன் உறிஞ்சியிருந்தார். மூக்கோரம் மேய்ந்த புழு கோகெய்னையும் சேர்த்துத் தின்று அசுர வேகத்தில் வளர்ந்துவிட்டது. மற்றப் புழுக்களைப் பார்க்காமல் அந்த ஒன்றை மட்டும் பாட்டிலில் போட்டு அனுப்பியிருந்தால் வழக்கு என்னவாகியிருக்கும்? நினைத்தாலே பதறுகிறது.

எல்லாப் போதைப்பொருளும் ஒரே பக்கம் இழுப்பதில்லை என்பதுதான் பெரிய ஆபத்து. ஹெராயின் புழுப் பருவத்தை விரட்டுகிறது, கூட்டுப்புழுப் பருவத்தை இழுத்தடிக்கிறது. கோஃப் குழு முயல்களை வைத்துச் செய்த ஆய்வில், புழுவை மட்டும் நம்பினால் கணக்கு 29 மணி நேரம் வரை பிசகும் என்று தெரிந்தது.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது பூச்சிமருந்துச் சாவுகளை. ஹவாயில் மாலத்தியான் என்ற பூச்சிமருந்தைக் குடித்து இறந்த ஒருவரை, உடல் கிடைப்பதற்கு எட்டு நாளுக்கு முன்பு கடைசியாகப் பார்த்திருந்தார்கள்; புழுக்கள் காட்டியதோ ஐந்து நாள். விஷம் இருந்ததால் ஈக்கள் தாமதமாகவே முட்டையிட்டன என்பதுதான் காரணம். அந்த உடலில் இருந்த ஈ இனங்கள் நம் நாட்டிலும் உண்டு. கிராமத்தில் மருந்து குடித்துச் செத்தவரின் பிரேதம் நான்கைந்து நாள் கழித்துக் கிடைத்தால், புழுக்கணக்கை மட்டும் வைத்துத் தேதி குறிப்பது சரியல்ல.

ஸ்பாட்டில் வாய், மூக்கு, காயம் என ஒவ்வொரு இடத்துப் புழுவையும் தனித்தனிப் பாட்டிலில் எடுத்து, எங்கே எடுத்தது என்று எழுதி ஒட்டுங்கள். பெரிது, சிறிது இரண்டும் வேண்டும். கொஞ்சத்தை வெந்நீரில் போட்டுக் கொன்று ஆல்கஹாலில் வையுங்கள், கொஞ்சத்தை உயிரோடு வளர்க்கக் கொடுங்கள், கொஞ்சத்தை விஷப் பரிசோதனைக்கு ஃப்ரீசரில் வையுங்கள். தின்றுகொண்டிருக்கும் புழுதான் பரிசோதனைக்கு உதவும்; தின்பதை நிறுத்தியதும் மருந்து அதன் உடம்பிலிருந்து வேகமாக வெளியேறிவிடும். புழுவில் விஷம் இருக்கிறதா என்று கேட்கலாம். செத்தவர் எவ்வளவு குடித்தார் என்று அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உடல் எலும்பாகிவிட்டாலும், அடியிலுள்ள மண்ணைச் சலித்து ஈ விட்டுப்போன காலிக் கூடுகளைப் பொறுக்குங்கள். அவற்றிலும் மருந்து தங்கியிருக்கும்.