நாய்க்குக் காயமா? அளவைப் பார்க்காதீர்கள்... காரணத்தைப் பாருங்கள்!

மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டி பக்கம் தோட்டக் காவலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நாய்தான் துணை. வேலிக் கம்பி, சீமைக்கருவேல முள், அறுத்த வயலின் தாள், அடுத்த தெரு நாய் என ஏதாவது ஒன்றால் அதற்குக் காயம் பட்டுக்கொண்டேதான் இருக்கும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற மெலிந்த நாய்களுக்குத் தோலும் மெல்லியது. முள்கம்பியில் உரசினாலே கிழிந்துவிடும்.

எந்தக் காயத்தை வீட்டில் கவனிக்கலாம், எதற்கு மருத்துவரிடம் ஓட வேண்டும்? பலரும் காயத்தின் அளவை வைத்து முடிவெடுக்கிறார்கள். அது தவறு. கம்பி கீறிய நான்கு விரல் நீளச் சிராய்ப்பு வீட்டிலேயே ஆறிவிடும். இன்னொரு நாயின் பல் பதிந்த கடுகளவு ஓட்டை உயிருக்கே உலை வைக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

எவ்வளவு செல்லமான நாயாக இருந்தாலும் வலியில் கடிக்கும். துணியால் வாயைத் தளர்வாகக் கட்டி, ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சு வாங்கினாலோ வாந்தி எடுத்தாலோ வாயைக் கட்டக் கூடாது. கையில் உறை அணிவது அவசியம்.

ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்து 5 முதல் 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும்.

பிறகு கழுவ வேண்டும். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஒரு டீஸ்பூன் தூள் உப்பைக் கரைத்து, மண்ணும் முடியும் போகும்வரை ஊற்றிக் கழுவுங்கள். பாதி வைத்தியம் இதிலேயே முடிந்துவிடும். சுற்றியுள்ள முடியைக் கத்தரித்துவிட்டு, போவிடோன் அயோடின் கரைசலை வெளிர் டீ நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து, பஞ்சால் ஒற்றி எடுங்கள். தினமும் இரண்டு வேளை இதைச் செய்தால் போதும்.

நாய் நக்கினால் புண் ஆறும் என்பது பழைய நம்பிக்கை. நக்க நக்கப் புண் பெரிதாகும். பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி சுற்றி, கழுத்தில் மாட்டிவிடலாம்.

முள் ஏறினால்...

நாய் ஒரே விரலை நக்கிக்கொண்டு நொண்டினால், கருவேல முள் உள்ளே ஒடிந்திருக்கலாம். நுனி தெரிந்தால் இடுக்கியால் எடுங்கள். தெரியாவிட்டால் ஊக்கு வைத்துத் தோண்டாதீர்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் காலை ஊறவையுங்கள். இரண்டு நாளில் வீக்கம் வடியவில்லை என்றால் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

பினாயில், மண்ணெண்ணெய், பாச்சா உருண்டைத் தூள் எல்லாம் நாய்க்கு விஷம். நக்கினால் உள்ளே போகும். மஞ்சள்தூளை அப்பினால் மேலே பொருக்குத் தட்டி உள்ளே சீழ் பிடிக்கும். மனிதர்கள் சாப்பிடும் வலி மாத்திரைகளான பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் எதையும் கொடுக்கக் கூடாது.

உடனே மருத்துவரிடம்...

ஈ மொய்க்கும் புண்ணில் ஒரே நாளில் முட்டை பொரிந்து புழு வைத்துவிடும். அது சதையைத் தின்றுகொண்டே உள்ளே போகும். கெட்ட வாடை, புண்ணுக்குள் அசைவு தெரிந்தால் தாமதிக்காதீர்கள். வாய் பிளந்த காயம், கண் அருகே பட்ட காயம், நிற்காத ரத்தம் இவற்றுக்கும் அன்றே சிகிச்சை வேண்டும். தையல் போட நேரம் கடந்துவிடக் கூடாது. மதுரை நகரில் தல்லாகுளம் அரசு கால்நடை பன்முக மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போகலாம்.

வாசகர் கேள்வி

*தெருநாய் எங்கள் நாயைக் கடித்துவிட்டது. போன வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறோம். மறுபடி போட வேண்டுமா?*

ஆமாம். கையுறை அணிந்து, சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பு ஊசி போட்டிருந்தாலும் ஊக்க ஊசி தேவை. அதுவரை நாயைக் கட்டிவையுங்கள்; குழந்தைகளை அண்ட விடாதீர்கள்.

*அந்தக் காயத்தைக் கழுவியபோது என் கையில் வெட்டுக்காயம் இருந்தது. பயப்பட வேண்டுமா?*

கடித்த நாயின் எச்சில் அந்தக் காயத்தில் இருந்திருக்கலாம். உங்கள் கையையும் சோப்பால் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் தடவாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் சென்று நடந்ததைச் சொல்லுங்கள்; தடுப்பூசி இலவசம். சொன்ன நாள்களில் எல்லாத் தவணைகளையும் போட்டு முடியுங்கள். வெறிநோய் அறிகுறி வந்த பிறகு அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. வருமுன் தடுக்க ஊசி இருக்கிறது.

குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் ஊக்க ஊசி, அடுத்து ஆண்டுதோறும் ஒன்று. இதைத் தவறவிடாதீர்கள். லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று ஒரு சிறுவனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டார். அந்த நாளை விலங்குவழி நோய்கள் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச ஊசி முகாம்கள் நடக்கும். உங்கள் ஊர் மருந்தகத்தில் தேதி கேட்டுக் குறித்துவையுங்கள்.