கைக்கு வந்த பொருள் – 9: எந்தக் காரைக் கேட்டு வாங்குவது?

2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வால்ட் பிரிவில் நான்காம் இடம் பிடித்தவர் தீபா கர்மாகர். பி.வி.சிந்து, சாக்‌ஷி மாலிக் ஆகியோரோடு அவருக்கும் ஹைதராபாத்தில் நடந்த விழாவில் ஒரு பி.எம்.டபிள்யூ கார் பரிசாகக் கிடைத்தது. சாவியைக் கொடுத்தவர் சச்சின் டெண்டுல்கர். இதற்கு மேல் ஒரு பரிசுக்கு என்ன பெருமை வேண்டும்? ஆனால் சில வாரங்களிலேயே தீபாவின் தரப்பு அந்தக் கார் தங்களுக்குச் சரிப்பட்டு வராது என்று சொல்லிவிட்டது. அவருடைய ஊரான அகர்தலாவில் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் இல்லை, ஊரின் சாலைகளும் அந்த வண்டிக்குத் தோதாக இல்லை. கடைசியில் காருக்குப் பதிலாகப் பணம் பெற்றுக்கொண்டு ஒரு ஹூண்டாய் எலன்ட்ரா வாங்கினார். பி.எம்.டபிள்யூவை யாராவது வேண்டாம் என்பார்களா என்று கேட்கத் தோன்றும். பரிசு வாகனத்தை எப்படி மதிப்பிட வேண்டும் என்று அந்தத் தரப்புக்குச் சரியாகத் தெரிந்திருந்தது என்பதே என் கருத்து.

ஒரு வண்டியை விற்றால் என்ன கிடைக்கும் என்பதை ஷோரூம் விலைப்பட்டியல் சொல்லாது. உங்கள் ஊரைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குள் அதைக் கேட்டு வருபவர் எத்தனை பேர், அதில் கைவைக்கத் தெரிந்த மெக்கானிக் எத்தனை பேர், ஒரு பம்பரோ ஹெட்லைட்டோ உடைந்தால் உதிரிபாகம் எத்தனை நாளில் வந்து சேரும் என்பதெல்லாம்தான் அதை முடிவு செய்கின்றன. தீபாவளிக் குலுக்கலோ தொலைக்காட்சிப் போட்டியோ, ‘இந்த இரண்டில் எது வேண்டும்?’ என்று கேட்கும் வாய்ப்பு வந்தால் பெரும்பாலோர் விலை கூடியதைத்தான் கை காட்டுவார்கள். விற்கிற எண்ணம் இருந்தால் அது பல நேரம் தவறான தேர்வு.

‘சும்மா வருகிற வண்டிதானே, எதை எடுத்தாலும் லாபம்தானே’ என்பது இதற்கு முதலில் வரும் மறுப்பு. சும்மா வருவதில்லை. குலுக்கலிலும் போட்டி விளையாட்டிலும் கிடைக்கும் பரிசுக்கு 30 சதவீத வருமான வரி உண்டு; அந்த வரித்தொகையின் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்தால் 31.2 சதவீதம். வருமானமே இல்லாதவருக்குக் கிடைத்தாலும் இதே விகிதம்தான், அடிப்படை விலக்கு வரம்பு இங்கே கைகொடுக்காது. பரிசு முழுவதும் பொருளாக இருந்தால் அதற்கான வரி கட்டப்பட்டதை உறுதி செய்த பிறகே பொருளை ஒப்படைக்க வேண்டும் என்பது பரிசு கொடுப்பவருக்குச் சட்டம் விதித்திருக்கும் கடமை. சில நிறுவனங்கள் அந்த வரியைத் தாங்களே ஏற்கின்றன. மற்றவர்களிடம் வென்றவர் முதலில் ரொக்கத்தைக் கட்டிவிட்டுத்தான் சாவியை வாங்க முடியும். பிறகு பதிவு. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் காருக்கான ஆயுள் வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஆகவே விலை கூடக் கூட உங்கள் பையிலிருந்து போகும் தொகையும் கூடுகிறது. அதுவும் வண்டியை விற்றுக் காசு பார்ப்பதற்கு முன்பே போகிறது.

சரி, வரி போனாலும் பெரிய கார் பெரிய கார்தானே, விற்றால் அதிகம்தானே வரும் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் வலு இருக்கிறது, எனவே கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒன்று 15 லட்ச ரூபாய் கார், அதிகம் விற்காத மாடல். மற்றொன்று 10 லட்ச ரூபாய் கார், தெருவுக்குத் தெரு ஓடுகிற மாடல். ஓராண்டுக்குள் விற்கும்போது முதலாவது 70 சதவீதமும் இரண்டாவது 85 சதவீதமும் பெறுவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். விற்ற விலை முறையே பத்தரை லட்சம், எட்டரை லட்சம். வருமான வரி 4.68 லட்சமும் 3.12 லட்சமும் போனால் மிச்சம் 5.82 லட்சம், 5.38 லட்சம். இதுவரை பெரிய கார்தான் முந்துகிறது. ஆயுள் வரியையும் நீங்களே கட்ட வேண்டியிருந்தால் முதலாவதற்கு 2.70 லட்சம், இரண்டாவதற்கு 1.30 லட்சம். இப்போது கையில் நிற்பது 3.12 லட்சமும் 4.08 லட்சமும்! ஐந்து லட்சம் விலை குறைந்த கார் கிட்டத்தட்ட ஒரு லட்சம் கூடுதலாகத் தருகிறது. வரியையும் பதிவுச் செலவையும் பரிசு கொடுப்பவரே முழுதாக ஏற்றால் இந்தக் கணக்கு தலைகீழாகும், அப்போது பெரிய காரையே எடுக்கலாம். அதனால்தான் மாடலைப் பற்றி விசாரிப்பதற்கு முன் ‘வரி யார் பொறுப்பு?’ என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்கிறேன்.

70, 85 என்ற வித்தியாசம் மிகையாகத் தோன்றலாம். காப்பீட்டு நிறுவனங்களின் தேய்மான அட்டவணை எல்லாக் காருக்கும் ஒன்றுதான்: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, ஐந்தாம் ஆண்டில் 50. அட்டவணைக்கு மாருதியும் ஒன்று, ஊர் பேர் தெரியாத இறக்குமதிக் காரும் ஒன்று. சந்தை அப்படிச் சமமாக நடத்துவதில்லை. 2017 முடிவில் செவர்லே இந்திய விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது, மறைமலைநகர் ஆலை அடுத்த ஆண்டு ஓய்ந்தது. 2022இல் டாட்சன் போனது. இவற்றில் சில அருமையான வண்டிகள். ஃபோர்டு வைத்திருப்பவர்கள் இன்றும் அதை விட்டுக்கொடுத்துப் பேசமாட்டார்கள். ஆனால் வாங்க வருபவர் ‘ஸ்பேர் கிடைக்குமா?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பேரம் அங்கேயே சரிந்துவிடும். விற்பனைப் பட்டியலின் அடியில் கிடக்கும் நிறுவனத்தின் கார் பரிசாக வரும்போது, அந்த நிறுவனம் நாளைக்கும் இருக்குமா என்ற சந்தேகத்தையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

மின்சாரக் காரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓட்டுவதற்காக வைத்துக்கொள்பவருக்கு, வீட்டில் சார்ஜ் போட வசதி இருந்தால், அது நல்ல பரிசு. பெட்ரோல் செலவு மிச்சமாகும். விற்பதற்கு அதைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லமாட்டேன். பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று உத்தரவாதம் கொடுத்தாலும், பழைய கார் வாங்குபவருக்கு அந்தப் பெட்டிக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்று தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அந்தப் பயத்தை விலையில்தான் கழிப்பார். புது மாடல்கள் கூடுதல் தூரம் ஓடுவதாக வந்துகொண்டே இருப்பதால் போன வருட மாடலுக்கு மவுசும் சீக்கிரம் குறைகிறது.

எந்தக் கார் என்று முடிவானாலும் அதைச் சோதிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. பரிசுக் கார்கள் கடை வாசலில் மாலையும் ரிப்பனுமாக மாதக்கணக்கில் வெயிலில் நிற்பவை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 3824 என்றால் 2024இன் 38ஆம் வாரம். கார் எப்போது தயாரானது என்பதற்கு அது நேரடிச் சான்று ஆகாது என்றாலும், சந்தேகம் கிளப்பப் போதுமானது. தயாரித்த மாதமும் ஆண்டும் ஆர்.சி.யில் பதிவாகும், 2024இல் செய்து 2025இல் பதிவான வண்டியைப் பழைய கார்த் தரகர் 2024 வண்டியாகத்தான் பார்ப்பார். அதைவிட முக்கியம் பில் யார் பெயரில் என்பது. பரிசு கொடுக்கும் நிறுவனம் தன் பெயரில் பதிவு செய்துவிட்டுப் பிறகு உங்களுக்கு மாற்றினால், ஆர்.சி.யில் நீங்கள் இரண்டாம் உரிமையாளர். ‘சிங்கிள் ஓனர்’ என்று சொல்லி விற்கும் உரிமை வண்டி உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விடும்.

காத்திருந்து நல்ல விலைக்கு விற்கலாம் என்பவர்களுக்கு 2025 செப்டம்பர் 22ஐ நினைவூட்டலாம். அன்று சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது, செஸ்ஸும் போனது. புதுக் காரே அந்த அளவுக்கு மலிந்தால் பழைய காரைப் பழைய விலைக்குக் கேட்பவர் யார்? அதே நாளில் டிராக்டர் வரியும் 12இலிருந்து 5 ஆயிற்று. இது அலங்காநல்லூருக்கும் பாலமேட்டுக்கும் சம்பந்தமுள்ள செய்தி. அங்கே ஜல்லிக்கட்டில் சிறந்த மாடுபிடி வீரருக்குக் காரும் சிறந்த காளையின் உரிமையாளருக்கு டிராக்டரும் கொடுக்கிறார்கள். கிராமத்துக் கண்ணோடு பார்த்தால் டிராக்டர் பரிசே உசத்தி. உழவுக்கும் டிரெய்லருக்கும் வாடகைக்கு ஓடும், பழையதானாலும் கேட்டு வர ஆள் உண்டு, பழுதுபார்க்கப் பக்கத்து ஊரிலேயே பட்டறை உண்டு. வீரர்களில் சிலர் மேடையிலேயே காருக்குப் பதில் அரசு வேலை கேட்கிறார்கள். காரின் மறுவிற்பனை மதிப்பு பற்றி அதைவிடக் கறாரான விமர்சனம் இருக்க முடியாது.

மேடையில் மரியாதையாகக் கொடுத்ததை விற்பது முறையா என்று கேட்பவர்களும் உண்டு. நினைவுக்காக வைத்துக்கொள்ள விரும்பினால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டு வாசலில் ஓடாமல் நின்று, ஆண்டுதோறும் காப்பீடு கேட்டு, பேட்டரி இறங்கிக் கிடக்கும் வண்டியால் கொடுத்தவருக்கும் பெருமையில்லை. கோப்பையும் புகைப்படமும் வீட்டில்தானே இருக்கப்போகின்றன?

பரிசு விழுந்ததாகத் தகவல் வந்தால் மூன்றைக் கேளுங்கள்: வரி யார் கட்டுவது, பில் யார் பெயரில், காருக்குப் பதில் பணமாகத் தருவீர்களா? பணம் தருவதாகச் சொன்னால், காரை விற்று வரி போக நிற்கும் தொகையோடு ஒப்பிட்டு, கொஞ்சம் குறைந்தாலும் பணத்தையே வாங்குங்கள். கார்தான் என்றால் பத்து லட்சத்துக்குள், பெட்ரோலில் ஓடும், உங்கள் ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் இப்போதே நிற்கிற மாடலை, வெள்ளை நிறத்தில் கேளுங்கள்.